நடுங்கும் கைகளும் நலம் தரும்

என் தமக்கை மகள் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள், சுபுஹு பாங்கு சொல்லும் நேரத்தில், தன் பெட்டியுடன் குன்னூர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாள். வருவதாக முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் அவளுடைய அத்தா கதவைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேளாமல் உள்ளே திரும்பித் தேநீர் போடச் சொன்னார். நடுவீட்டுச் சுவரில், வெள்ளைச் சீருடையில் கையில் விளக்கேந்தி அவள் உறுதிமொழி எடுத்துக்கொண்ட நாளின் புகைப்படம் மாட்டியிருந்தது. அதன் கீழேயே பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்றாண்டுச் செவிலியர் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவள். உடற்கூறு, மருந்தியல், மகப்பேறு எதில் கேள்வி கேட்டாலும் புத்தகத்தின் பக்கத்தோடு பதில் சொல்வாள். சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது வீட்டில் பாயசம் காய்ச்சினார்கள். அப்படிப்பட்டவள் பன்னிரண்டே நாளில் திரும்பி வந்தால் வீடு என்ன நினைக்கும்? அவளுடைய நன்னிமா, "போதும் படிப்பும் வேலையும், வரன் பார்த்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

மாலையில் என்னிடம்தான் வாய் திறந்தாள்.

"சின்னம்மா, எனக்கு இந்த வேலை ஒத்துவராது. நான் பயந்தாங்கொள்ளி."

நடந்தது இதுதான். இரவு இரண்டு மணி. வார்டில் இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். செவிலியராக இவள் ஒருத்தி. துணைக்கு வயதான ஆயா ஒருவர். சர்க்கரை மிக ஏறிப்போன ஒரு பெரியவருக்கு என்ன செய்வது என்று மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டாள். தூக்கக் குரலில் அவர் இன்சுலின் அளவைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சொன்னது ஆங்கிலத்தில். பதினைந்து என்றாரா, ஐம்பது என்றாரா? 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். மறுபடி கேட்கலாம். ஆனால் அன்று பகலில்தான் வேறொரு சந்தேகம் கேட்டதற்கு, "படித்துவிட்டுத்தான் வந்தாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியிருந்தாள். ஒரு கையில் மருந்துக் குப்பி, மறு கையில் தொலைபேசி. பத்து நிமிடம் அப்படியே நின்றாளாம். கைகள் இரண்டும் நடுங்கினவாம்.

பார்த்துக்கொண்டிருந்த ஆயாதான் சொன்னார்: "திரும்பக் கூப்பிடு தாயி. திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்."

கூப்பிட்டாள். பதினைந்துதான்.

யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. பெரியவர் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் இவளால் தூங்க முடியவில்லை. "ஐம்பது போட்டிருந்தால்?" என்ற கேள்வி அவளை விடவில்லை. அந்த அளவு இன்சுலின் ஒரு முதியவரின் இரத்தச் சர்க்கரையை எங்கே கொண்டுபோய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் வகுப்பில் தேறியவளல்லவா! தெரிந்ததனால்தான் பயம் இன்னும் பெரிதாயிற்று.

இது அவள் ஒருத்தியின் கதையாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. படித்து முடித்துப் பணியில் சேரும் செவிலியர் அநேகமாக எல்லோருமே இந்தக் கணவாயைக் கடந்துதான் போகிறார்கள். அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்னும் செவிலியர் 1974-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பள்ளியில் கற்ற பணிக்கும் வார்டில் கண்ட பணிக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விழுந்து, நல்ல செவிலியர்கள் ஏன் தொழிலையே விட்டுப் போகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'நிஜத்தின் அதிர்ச்சி' என்று பொருள்படும். பத்தாண்டுகள் கழித்து, 1984-இல், பட்ரீஷியா பென்னர் என்பவர் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் கணக்கின்படி, பட்டம் வாங்கிய கையோடு வார்டுக்குள் நுழைபவர் இரண்டாம் படியில்தான் நிற்கிறார். ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பின்னரே மூன்றாம் படியாகிய தேர்ச்சிக்கு வருகிறார். சான்றிதழ் கிடைத்த நாளிலேயே எல்லாம் கைவந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நாமும் நம் மருத்துவமனைகளும் செய்கிற தவறு.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், சின்னம்மா" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாள்.

சரி, அமெரிக்கா வேண்டாம். நம் மலையிலேயே ஓரிடம் இருக்கிறது.

குன்னூரிலிருந்து உதகை ஏறி, பைக்காராவையும் நடுவட்டத்தையும் கடந்து மலை இறங்கினால் கூடலூர். குளிரும் கம்பளியும் அங்கே விடைபெற்றுக்கொள்ளும். வயநாட்டின் ஈரக்காற்று வீசும். பலா மரமும் குறுமிளகுக் கொடியும் தென்படும். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் ஒரே கடைத்தெருவில் பேரம் பேசும். நம் சமுதாயத்தவர் கூடலூரிலும் பந்தலூரிலும் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னிருந்தே அந்தக் காடுகளில் வாழ்ந்து வருபவர்கள் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டு நாயக்கர் முதலான ஆதிவாசி மக்கள். இவர்களில் பணியரின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக நிலக்கிழார்களின் வயல்களில் கொத்தடிமைகளாக உழைத்தவர்கள். நகரத்து மனிதரை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதற்கே அஞ்சியவர்கள்.

1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கரா, மாரி மார்செல் தேக்கேக்கரா தம்பதியர் அங்கே 'அக்கார்டு' என்னும் அமைப்பைத் தொடங்கி, ஆதிவாசிகளின் நில உரிமைக்காக உழைக்கலானார்கள். 1988 டிசம்பரில், கடைத்தெருவில் ஓரமாக ஒதுங்கி நடந்த அந்த மக்கள், உரிமை கேட்டு ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். ஆனால் குடிசைகளில் வயிற்றுப்போக்கினால் குழந்தைகளும் பிரசவத்தினால் தாய்மார்களும் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். மருத்துவமனைக்குப் போவதென்றால் அவர்களுக்கு நோயைக் காட்டிலும் பெரிய அச்சம். மொழி புரியாது, உடையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், காத்திருக்கச் சொல்வார்கள். 1987-இல் மருத்துவர்கள் தேவதாசனும் ரூபா தேவதாசனும் ஆதிவாசிக் கிராமங்களில் சுகாதாரப் பணியைத் தொடங்கினார்கள். கிராமப் பணி வளர வளர, சிகிச்சைக்கு ஓர் இடமும் தேவை என்பது தெளிவாயிற்று. 1990-இல் 'அஸ்வினி' என்னும் அமைப்பின் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் வந்து சேர்ந்தார்கள்.

மருத்துவர் வந்துவிட்டார்கள், செவிலியருக்கு எங்கே போவது? வெளியூரிலிருந்து பயிற்சி பெற்றவர்களைக் கொண்டுவந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அந்த ஆதிவாசிக் கிராமங்களிலிருந்தே இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துச் செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். உயர்ந்த பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய நிலை.

இந்த இடத்தில் சற்று நின்று அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். காட்டோரக் குடிசையில் பிறந்தவள். தன் தந்தை நிலக்காரர் முன்னால் தலை நிமிராததைப் பார்த்து வளர்ந்தவள். இப்போது அவள் கையில் ஊசி. எதிரே மேசையில் வெட்டுக் காயத்தோடு ஒருவன். பக்கத்து அறையில் பிரசவ வலியில் ஒரு பெண். படித்த மருத்துவரிடம், "இந்த அளவு சரிதானா?" என்று அவள் கேட்க வேண்டும். தவறென்று பட்டால், தவறு என்று சொல்லவும் வேண்டும். என் தமக்கை மகளுக்கு நேர்ந்த தயக்கம் ஒரு பகல் ஏச்சில் பிறந்தது. அந்தப் பெண்களுக்கோ பல தலைமுறைத் தயக்கம்.

அந்தப் பெண்கள் கற்றார்கள். பிரசவம் பார்த்தார்கள், அறுவை அரங்கில் மருத்துவருக்குத் துணை நின்றார்கள், கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கண்காணித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த மருத்துவமனை ஆதிவாசிச் செவிலியரின் கைகளாலேயே நடந்து வருகிறது. எப்படி முடிந்தது? எனக்குப் புரிந்த வரையில், அங்கே கற்பித்தல் வகுப்பறையில் தொடங்கிப் பரீட்சையில் முடிந்துவிடவில்லை. நோயாளியின் கட்டிலருகில் ஒருவர் கையைப் பார்த்து மற்றொருவர் கற்றார். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. எதிரே படுத்திருந்த நோயாளி அவர்களுடைய சொந்த மொழியைப் பேசினார். மருத்துவமனையைக் கண்டு நடுங்கி வந்த ஒரு பணியத் தாய்க்குத் தன் மொழியில், "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சொல்ல அந்தச் செவிலியரால்தான் முடிந்தது. பிறருடைய அச்சத்தைத் தணிக்கும்போது நம் அச்சமும் தணிந்துவிடுகிறது. இதைத் தாயாகிய எவரும் அறிவார்.

அவர்கள் கற்ற நோய்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரிவாள் உருவ இரத்த அணு நோய் என்பது பரம்பரையாக வருவது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்ட வடிவம் இழந்து, அரிவாள்போல் வளைந்து, சிறு குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்தில் எலும்பை முறிப்பதுபோன்ற வலி. இந்தியாவில் இந்த நோயின் கூறு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குளிரும், உடலில் நீர் வற்றுவதும், காய்ச்சலும் இந்த வலியைத் தூண்டிவிடும். மலையில் குளிருக்கா பஞ்சம்! நள்ளிரவில் ஒரு சிறுவன் கைகால் வலியில் துடித்துக்கொண்டு வரும்போது, "சாதாரண மூட்டு வலி" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம், அல்லது, "இவன் வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி வருமா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் பெட்டியில் எத்தனை சான்றிதழ் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? இந்த நோயை 2047-க்குள் ஒழிப்பதென்று இந்திய அரசு 2023-இல் ஒரு தேசியத் திட்டமே தொடங்கியிருக்கிறது.

கூடலூர்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு கேள்வி கேட்டாள். "அவர்களுக்குக் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. எனக்கு?"

நியாயமான கேள்வி. இதற்கு மருத்துவமனைகள்தாம் பதில் சொல்ல வேண்டும். 1996-இல் எமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு விந்தையைக் கண்டார். மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகள் எவ்வளவு நேருகின்றன என்று அவர் கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! விசாரித்த பிறகு உண்மை வெளிவந்தது. அந்த வார்டுகளில் தவறுகளை வெளியே சொல்ல எவரும் அஞ்சவில்லை. ஏச்சுக்கு அஞ்சிய வார்டுகளில் தவறுகள் மூடிப் புதைக்கப்பட்டிருந்தன. மூன்றாண்டுகள் கழித்து, 1999-இல், அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை தடுக்கக்கூடிய தவறுகளால் இறப்பதாக மதிப்பிட்டது. இத்தனைக்கும் அது வசதி மிகுந்த நாடு.

இப்போது என் தமக்கை மகளின் இரவுக்குத் திரும்புவோம். அவள் தன் பயத்தைப் பழித்துக்கொள்கிறாள். ஆனால் அன்று அந்தப் பெரியவரைக் காப்பாற்றியது எது? "இது சரியாக இருக்குமா?" என்று அவள் நெஞ்சில் எழுந்த அந்தப் பயந்தான். பயமே இல்லாத ஒருத்தி ஐம்பதென்று காதில் விழுந்ததை ஐம்பதாகவே ஏற்றியிருப்பாள். பெரியவரைக் கொல்லப் பார்த்தது வேறொன்று; "மறுபடி கேட்டால் என்னை என்ன நினைப்பார்கள்?" என்னும் வெட்கம். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் எழுவதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். முதலாவதை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத்தான் விரட்ட வேண்டும்.

மார்க்கம் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபோது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பி, தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள் என்பதையும், தமக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என அஞ்சுவதாக மனைவியிடம் சொன்னார்கள் என்பதையும் நாம் அறிவோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அப்போது செய்தவற்றை வரிசையாகக் கவனித்துப் பாருங்கள். முதலில் போர்த்தினார்கள். அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று கடிந்துகொள்ளவில்லை. அல்லாஹ் தங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதி கூறி, அதற்கு ஆதாரமாக அவர்களின் செயல்களையே எடுத்துக் காட்டினார்கள்: உறவைப் பேணுகிறீர்கள், இயலாதோரின் சுமையைத் தாங்குகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள் என்று. பிறகு, அறிந்தவராகிய வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். நபித்துவத்தின் மகத்தான பொறுப்பை எளியவர்களின் வேலையோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை, அல்லாஹ் மன்னிப்பானாக. நடுங்கி வரும் ஒருவரை எவ்வாறு ஏற்பது என்பதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் பாடத்தை நாம் மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். கதவைத் திறந்து, கேள்வி எதுவும் கேளாமல் தேநீர் போடச் சொன்ன என் மச்சான் அதில் முதற் பாதியை அறியாமலே செய்துவிட்டார்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் மூஸா (அலை) அவர்களின் துஆவும் இதற்குச் சான்று. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, நெஞ்சத்தை விரிவாக்கித் தரவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் வேண்டிய அந்த நபி, அத்தோடு நிற்கவில்லை. தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் கேட்டார்கள். துணை கேட்பது பலவீனம் என்றிருந்தால் அந்த துஆ ஏற்கப்பட்டிருக்குமா?

நன்னிமாவின் ஆட்சேபத்திற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நம் பெண்களுக்கு எதற்கு இந்த வேலை? இரவில் கண் விழித்து, அந்நியர் நடுவில்..." என்றார். வயதில் பெரியவர், எதிர்த்துப் பேசவில்லை. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைத்துச் சிகிச்சை நடந்ததையும், அங்கே காயம்பட்டோருக்கு மருத்துவம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்பதையும் நினைவுபடுத்தினேன். ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைப் பராமரித்ததாக உம்மு அதிய்யா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கைகள் முதல் நாளில் நடுங்கவேயில்லை என்று யார் சொல்ல முடியும்?

வேலூரில் பெரிய மருத்துவமனை எழுந்த வரலாற்றிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1890-களில் ஓர் இரவு, திண்டிவனத்தில் இருந்த மருத்துவர் ஸ்கட்டரின் வீட்டிற்கு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் வேண்டாம், மகள் வந்தால் போதும் என்றார்கள். மகள் ஐடாவோ மருத்துவம் படிக்காத இளம்பெண். மூன்று தாய்மார்களும் அன்றிரவே இறந்துபோனார்கள். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பட்டத்தோடு திரும்பி வந்தார்; சில மாதங்களிலேயே தந்தை காலமானார். வழிகாட்ட இருந்த ஒரே மூத்த மருத்துவரை இழந்த புதிய மருத்துவராக அவர் தனித்து நின்றார். ஆயினும் நின்றார். 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால், பெண் மருத்துவர்தான் வேண்டும், பெண் செவிலியர்தான் தொட வேண்டும் என்று மருத்துவமனை வாசலில் நின்று வாதாடுகிறோம். வாதாடுவது நம் உரிமை. ஆனால் அந்தப் பெண் செவிலியர் எந்த வீட்டிலிருந்து வர வேண்டும்? பிறர் வீட்டிலிருந்து வர வேண்டும். நம் வீட்டுப் பெண் மட்டும் வேலைக்குப் போகக்கூடாது! இந்தக் கணக்கு எனக்கு என்றுமே விளங்கியதில்லை. நன்னிமா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை; தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

இனி, இப்பக்கத்தைப் படிக்கும் இளம் செவிலியச் சகோதரிகளுக்குச் சில செய்திகள். நான் செவிலியர் அல்லேன். பல ஆண்டுகள் அப்பணி செய்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் அவளுக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் மருந்தளவு சொல்லப்பட்டால், கேட்ட உடனே எழுது. எழுதியதை மருத்துவருக்கே திரும்பப் படித்துக் காட்டு. எண்ணை முழுதாகச் சொல்லாதே. 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல். அது சந்தேகம் கேட்பதாகாது. தொழிலின் முறை அதுதான். பெரிய மருத்துவமனைகளில் முப்பதாண்டு அனுபவம் உள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்சுலினில் மேலும் ஒரு கண்ணி உண்டு. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு உள்ள குப்பியும் இருக்கிறது, 100 அலகு உள்ளதும் இருக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச். மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். ஆகவே குப்பியைப் பார், மூடியைப் பார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். பொட்டாசியம் குளோரைடு மருந்தை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் ஏற்றுவது உயிரைப் பறிக்கும். அந்தக் குப்பி கையில் இருக்கும்போது வேறு எவர் கூப்பிட்டாலும் திரும்பாதே.

மருத்துவரை நள்ளிரவில் எழுப்ப வேண்டுமா? எழுப்பும் முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிக்கொள் என்றார் அந்த அம்மையார். இப்போது என்ன நடக்கிறது; நோயாளி எதற்காகச் சேர்ந்தவர்; நாடி, இரத்த அழுத்தம், சர்க்கரை எவ்வளவு; நீங்கள் வர வேண்டுமா, மருந்து சொல்கிறீர்களா. தாள் கையில் இருந்தால் நாக்கு குழறாது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த முறை இது. பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்து உலகெங்கும் பரவியது. கடலடியில் இருட்டில் கிடக்கும் மாலுமிக்கும் நம் இரவுப் பணிச் செவிலியருக்கும் தேவை ஒன்றாகத்தான் இருக்கிறது.

அவள் ஒன்று கேட்டாள்: "கை நடுக்கம் எப்போது நிற்கும்?"

"ஊசியை எடுக்கும் முன் மணிக்கட்டை நோயாளியின் கையில் ஊன்றிக்கொள். நடுக்கம் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஊசி நேராகப் போகும்" என்று அந்த அம்மையார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தம் பணிக்காலம் முழுவதும், பிரசவ அறையின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தம் நெஞ்சு படபடத்ததாகச் சொன்னார். என் தமக்கை மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. லாம்ஸ் ராக் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து தேயிலைச் சரிவுகளை மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தாவிடம் பழைய கணக்கேடு ஒன்று கேட்டு வாங்கி, வெற்றுத் தாள்களைக் கிழித்து, சீருடைப் பைக்குள் அடங்கும்படி சிறு ஏடாகத் தைத்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ் எழுதினாள். அடுத்த பக்கத்தில் நான்கு வரி.

பழைய இடத்திற்கு அவள் திரும்பவில்லை. அதுவும் சரியென்றே எனக்குப் படுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு புதியவள் ஒருத்தியைத் தனியே விட்டுவிடும் இடத்திற்குத் துணிவு என்ற பெயரில் திரும்பிப் போக வேண்டியதில்லை. நேர்காணலில் ஒரே ஒரு கேள்வியை அவள் கேட்டாள்: "முதல் மூன்று மாதம் என்னோடு மூத்த செவிலியர் ஒருவர் இருப்பாரா?" இரண்டு இடங்களில் முகம் சுளித்தார்கள். மூன்றாவது இடத்தில் இருப்பார் என்றார்கள். அங்கே சேர்ந்தாள்.

சேர்ந்த இரண்டாவது வாரம், இரவு பதினொன்றரைக்கு என் கைப்பேசி ஒலித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"சின்னம்மா, இன்றைக்கு ஒரு டாக்டரிடம் அளவைத் திரும்பப் படித்துக் காட்டினேன்."

"திட்டினாரா?"

"திட்டினார்." சற்று நிறுத்தினாள். "ஆனால் முழுதும் படித்துவிட்டுத்தான் வைத்தேன்."